தெளிவில்லை என்பவன்

உட்காருங்கள் தம்பி. பயிற்சி பதினொரு மணிக்குத்தானே, இன்னும் நேரம் இருக்கிறது. உள்ளே இப்போதுதான் திரையை இறக்கிக்கொண்டிருக்கிறார்கள். 'நூலக வாசகர்களுக்குப் பயன்படும் செயலிகள்' என்று கதவில் ஒட்டியிருக்கிறதே, அதற்கு வகுப்பெடுக்க வந்திருப்பவர் நீங்கள்தான் என்று கழுத்து அட்டையைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். உங்களுக்கும் காதோரம் நரைத்துவிட்டது. இருந்தாலும் தம்பி என்று கூப்பிடலாம். எனக்கு எழுபத்தொன்று. சார் என்று நான் யாரையும் கூப்பிடுவதில்லை. மாவட்ட ஆட்சியரிடமே 'சொல்லுங்க அதிகாரி' என்றுதான் பேசியிருக்கிறேன்.

உங்களிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். உங்கள் செயலியில் ஒருவர் ஒன்றை எழுதி அனுப்பிவிட்டால், அதைத் திரும்ப எடுக்க முடியுமா?

பொறுங்கள், உடனே பதில் சொல்ல வேண்டாம். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். அரைகுறையாகக் கேட்டுப் பதில் சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. இந்தக் கையைப் பாருங்கள், ஈரமாக இருக்கிறதா? போலீஸ் வேனில் ஏறும்போது வேர்க்காத கை இது. நேற்று மத்தியானத்திலிருந்து இப்படி வேர்க்கிறது.

என் பெயர் மாடக்கண்ணு. நூற்பாலைத் தொழிலாளி. இருபத்தாறு வருடம் தொழிற்சங்கம். எட்டாம் வகுப்போடு பஞ்சுக்குள் போனவன். அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம் துண்டறிக்கைகளில்தான். நான்கு பக்கத்துக்கு மேல் போனால், எழுதியவனுக்கே விஷயம் புரியவில்லை என்று அர்த்தம். எங்கள் சங்கத்தின் அறிக்கைகளை எழுதியது நான். அச்சகத்தில் ராத்திரி பகல் பார்க்காமல் உட்கார்ந்து அச்சுப்பிழை பார்த்ததும் நான். என் கை பட்ட தாளில் ஒரு பிழை காட்டுங்கள் பார்ப்போம். இன்றைக்குக் கதவில் ஒட்டியிருக்கிறீர்களே, அதிலேயே இரண்டு இருக்கிறது. போகட்டும்.

ஆனால் அறிக்கையில் என் பெயர் இருக்காது. போராட்டக் காலத்தில் யாருடைய பெயரும் இருக்காது. கீழே 'போராட்டக் குழு' என்று போட்டு, அதற்கும் கீழே பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயர். அவ்வளவுதான். அது எங்கள் வழக்கம். குழு எழுதியது என்றால் எல்லோரும் எழுதியது. ஒருவனைப் பிடித்துக்கொண்டுபோய் உதைக்க முடியாது பாருங்கள்.

அந்த அறிக்கைகள், நானூற்றுப் பன்னிரண்டு, ஒரு டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தேன். அவற்றை இந்த நூலகத்துக்குக் கொடுத்தவன் நான். சும்மா கொடுக்கவில்லை. ராஜா வீட்டுச் சுவடிகளையெல்லாம் படம் பிடித்துக் கணினியில் ஏற்றுகிறீர்கள், தொழிலாளி போட்ட நோட்டீஸ் என்ன, கடலை மடிக்கிற காகிதமா என்று கேட்டு, இதோ இந்தப் படியில் தட்டியோடு ஒன்பது நாள் உட்கார்ந்தேன். நான் ஒருவன்தான். மூன்றாம் நாள் ஒரு வாத்தியார் வந்து பழரசம் கொடுத்தார். நான் உண்ணாவிரதம் இல்லை, உட்கார்வுப் போராட்டம் என்று சொல்லிவிட்டு வாங்கிக் குடித்தேன். பத்தாம் நாள் துணைவேந்தர் ஒத்துக்கொண்டார். வென்றேன். என் வாழ்க்கையில் முழுசாக வென்ற போராட்டம் அது ஒன்றுதான் தம்பி. இப்போது அதற்காகத்தான் நடுங்குகிறேன்.

போன வருடம் உங்கள் செயலி வந்தது. இருபது வருடமாக வெளி வாசகர் அட்டையைக் காட்டிவிட்டு நுழைந்தவனை வாசலில் காவலாளி நிறுத்திவிட்டான். "தாத்தா, மூஞ்சியைக் காட்டாதீங்க, போனைக் காட்டுங்க. மிஷினுக்கு உங்க மூஞ்சி தெரியாது" என்றான். எனக்கு வந்த கோபத்துக்கு அன்றைக்கே ஓர் அறிக்கை எழுதியிருப்பேன். அப்போதுதான் பின்னாலிருந்து அந்தப் பெண் வந்தாள். ஜெனிட்டா. இங்கே வரலாற்றுத் துறையில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறாள். முப்பது வயதுக்கு மேல் இருக்கும்; பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்துவிட்டு வந்து படிக்கிற பெண். "போனைக் குடுங்கய்யா, நான் ஏத்தித் தாரேன்" என்று வாங்கிக்கொண்டாள்.

அரை மணி நேரத்தில் ஐந்தாறு ஏற்றிவிட்டாள். வாசலில் மிஷினுக்குக் காட்டுகிற கறுப்பு வெள்ளைக் கட்டம். எந்தப் புத்தகம் எந்த அலமாரியில் என்று சொல்கிறது ஒன்று. நாற்காலிக்கு முன்பதிவு செய்கிறது ஒன்று. புத்தகம் திருப்பித் தரும் நாளுக்கு முன்னால் மணி அடிக்கிறது ஒன்று. எனக்குக் கண்புரை என்பதால், பக்கத்தைப் படம் பிடித்தால் வாய்விட்டுப் படிக்கிற செயலி ஒன்று.

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஒளிக்கவில்லை. "ஏம்மா, நான் எந்த நாற்காலியில உக்காந்தேன், எந்தப் பக்கத்தைப் பாத்தேன்னு எல்லாம் இதுக்குத் தெரியுமா?" என்றேன். "தெரியும்யா." "எவ்வளவு நாளைக்கு ஞாபகம் வச்சிருக்கும்?" "நாம அழிக்கிற வரைக்கும்." "அழிச்சா அழிஞ்சிருமா?" அவள் சிரித்தாள். "அது தெரியாதுய்யா" என்றாள். அந்தக் காலத்தில் நான் எந்தப் புத்தகம் எடுத்தேன் என்று பார்க்க ஒரு போலீஸ்காரர் நூலகத்துக்கு வந்து பேரேட்டைப் புரட்டி, தூசி மூக்கில் ஏறித் தும்மிக்கொண்டே போனார். இப்போது தும்ம வேண்டிய வேலையே இல்லை.

ஆனால் என் பயம் அது இல்லை. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

என் அறிக்கைகளைப் படம் பிடித்தார்கள். பிறகு கணினியே அவற்றைப் படித்து எழுத்தாக்கியது. எதற்கு? ஒருவர் ஒரு பெயரைத் தட்டினால், அந்தப் பெயர் வரும் எல்லாத் தாளும் வந்து நிற்க வேண்டும் என்பதற்கு. பழைய அச்சு, மட்டமான காகிதம், கணினிக்குப் பல இடத்தில் படிக்க வரவில்லை. வராத இடத்தில் 'தெளிவில்லை' என்று போட்டு வைத்துவிடுகிறது. அதைத் திருத்த வாசகர்களுக்கே ஒரு செயலி கொடுத்திருக்கிறீர்கள். தாளின் படம் ஒரு பக்கம், கணினி படித்த எழுத்து ஒரு பக்கம். தெரிந்தவர்கள் நிரப்பி அனுப்பலாம். சொல்லவா, இதுவரை நூற்று எண்பது பக்கம் திருத்தியிருக்கிறேன். செயலியில் என் பெயருக்கு எதிரே ஒரு தங்கப் பதக்கம் வரைந்திருக்கிறீர்கள். பதக்கத்துக்கு நான் மயங்குகிறவன் இல்லை. ஆனால் இந்தப் பல்கலைக்கழகத்திலேயே அதிகம் திருத்தியவன் நான்தான் என்று அது சொல்கிறது. உண்மையைத்தானே சொல்கிறது.

நேற்று காலை. வாசிப்புக் கூடம். எனக்கு அடுத்த மேசையில் ஜெனிட்டா. ஒரு புதுப் பக்கம் வந்தது. கண் சரியாகத் தெரியவில்லை என்று வாய்விட்டுப் படிக்கும் செயலியைப் போட்டேன். காதில் மாட்டுகிற வயர் போனில் சரியாகச் செருகவில்லை போலிருக்கிறது. கூடம் முழுக்கக் கேட்டது. ஒரு பெண் குரல். வானொலியில் வானிலை சொல்வதுபோல அமைதியான குரல்.

"தோழர்களே. நம் கூட்டம் நடக்கும் இடம் நிர்வாகத்துக்கு எப்படித் தெரிகிறது. தெளிவில்லை என்பவன் சொல்கிறான். தெளிவில்லை நேற்று மாலை மேனேஜர் பங்களாவுக்குள் நுழைந்ததைக் கண்டவர்கள் உண்டு. கைதான ஐந்து தோழர்களின் பிள்ளைகள் பட்டினி கிடக்கின்றன. தெளிவில்லை வீட்டில் அடுப்பு எரிகிறது. தெளிவில்லைக்குத் தண்ணீர் கொடுக்காதே. தெளிவில்லை வீட்டு நல்லது கெட்டதுக்குப் போகாதே. தெளிவில்லை மனைவியோடு பேசாதே."

என் வாக்கியங்கள் தம்பி. எனக்குத் தெரியாதா. குட்டை குட்டையாக, ஒவ்வொன்றும் ஆணி மாதிரி. அந்தக் குரலில் கேட்டதும் போனை அவசரமாகக் கையில் எடுத்தேன். நிறுத்தத் தெரியவில்லை. எதை அழுத்தினாலும் சத்தம் கூடுகிறது. ஜெனிட்டாதான் ஓடிவந்து அணைத்தாள். பையன்கள் எல்லாம் சிரிக்கிறார்கள். அவளும் சிரித்தாள். "யாருய்யா அந்தத் தெளிவில்லை? பாவம், அந்த ஆளு என்ன செஞ்சாரு? இப்படிப் போட்டுக் கிழிச்சிருக்காங்க" என்றாள்.

"கருங்காலி" என்றேன்.

"பேரு?"

"ஞாபகம் இல்ல."

அந்தத் தாள் பெட்டிக்குள் இருந்தது எனக்குத் தெரியாது. நான் பார்த்திருந்தால் கொடுத்திருப்பேனா?

சரி, தெரியும். அடியில் வைத்திருந்தேன். ஒட்டியதெல்லாம் மழையிலும் மாட்டு வாயிலும் போய்விட்டது. மிச்சம் அது ஒன்றுதான், நான் பிழை பார்த்த தாள். பெயர் வரும் இடத்திலெல்லாம் மை கலைந்திருக்கும். மை காய்வதற்குள் என் கட்டைவிரல் பட்டிருக்கும். அந்த இடத்தில் என்ன பெயர் என்று உலகத்தில் எந்தக் கணினிக்கும் தெரியாது. உயிரோடிருப்பவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

பதினொன்றரை மணிக்கு ஜெனிட்டா டீ குடிக்கக் கூப்பிட்டாள். கேன்டீன் வேப்பமரத்தடி. ஏதாவது பேச வேண்டுமே என்று, "உங்க ஊரு தூத்துக்குடிதானம்மா, இந்த மில்லு நோட்டீஸ் மேல உனக்கு என்ன இவ்வளவு ஆசை?" என்று கேட்டேன். பத்து மாதமாகப் பழகுகிறோம், அன்றைக்குத்தான் கேட்டேன் பாருங்கள்.

"பொறந்தது இங்கதான்யா. எங்கப்பா உங்க மில்லுலதான் வேலை பாத்தாரு. இன்னாசிமுத்து. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்லா?"

டீ என் வேட்டியில் கொட்டியது. சுட்டது கூடத் தெரியவில்லை.

"நீளமா, ஒல்லியா இருப்பாரு. அந்தப் பெரிய ஸ்டிரைக் நேரத்துலதான் நான் பொறந்தேன். அம்மாவுக்கு வலி கண்டுட்டு. பஸ்ஸு இல்ல, ஒரு வண்டி இல்ல. அப்பா மேனேஜர் பங்களாவுக்கு ஓடிப்போயி, அவரு கால்ல விழாத குறையா, காரைக் கேட்டு வாங்கிட்டு வந்தாராம். நான் கார்லயே பொறந்துட்டேன். மேனேஜர் காருக்குள்ள பொறந்த ஒரே தொழிலாளி மக நாந்தான்யா!" என்று சொல்லிவிட்டு அப்படிச் சிரிக்கிறாள்.

நான் என்ன செய்ய முடியும்? நானும் சிரித்தேன்.

"அதுக்கப்புறம் ஏன் ஊரை விட்டுப் போனாங்கன்னு அம்மா இன்னைக்கு வரைக்கும் சொல்லல. கேட்டா வாயை மூடிக்கிறாங்க. உப்பளத்துல கெடந்து, எனக்கு ஒன்பது வயசுல அப்பா போயிட்டாரு. ஏதாவது ஒரு நோட்டீஸ்ல அவரு பேரு இருக்கும்ல ஐயா? கைதானவங்க பட்டியல், இல்ல ஊர்வலத்துல போனவங்க பட்டியல். அதுக்காகத்தான் இதைப் படிப்பா எடுத்தேன். வாரத்துக்கு ஒருதரம் அப்பா பேரைத் தட்டிப் பாத்துருவேன். இன்னும் வரல."

இதில் என் தப்பு என்ன சொல்லுங்கள். வேலைநிறுத்தம் நாற்பதாவது நாள். மூன்று கூட்டம் நடக்கவிடாமல் போலீஸ் வந்து நின்றது. ஐந்து பேர் உள்ளே. அந்த நேரத்தில் ஒருவன் மேனேஜர் வீட்டுக்குள் போகிறான். நீங்களாக இருந்தால் என்ன நினைப்பீர்கள்? குழு கூடிப் பேசித்தான் முடிவெடுத்தது. அவனைக் கூப்பிட்டுக் கேட்கலாம் என்று ஒருவர் சொன்னார். கேட்டால் உண்மையா சொல்லப்போகிறான் என்று நான்தான் சொன்னேன். சொன்னது சரிதானே? எந்தக் கருங்காலி ஒத்துக்கொண்டிருக்கிறான்?

காட்டிக்கொடுத்தது அவன் இல்லை என்பது ஆறு மாதம் கழித்துத் தெரிந்தது. எங்கள் குழுவிலேயே ஒருவர். பெயர் வேண்டாம், அவரும் போய்விட்டார், அவருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். மறுப்பு அறிக்கை போடலாமா என்று பேச்சு வந்தது. போராட்டமே தோற்றுக் கிடக்கிறது, இப்போது ஒன்றுக்கு மறுப்பு போட்டால் மற்ற அறிக்கைகளை எவன் நம்புவான் என்று நான்... குழு முடிவு செய்தது. குழுதான். அதற்குள் அவர்கள் ஊரை விட்டும் போய்விட்டார்கள். யாரும் கை வைக்கவில்லை தம்பி, அதை எழுதிக்கொள்ளுங்கள். ஓர் அடி விழவில்லை. தண்ணீர் கொடுக்கவில்லை, பேசவில்லை, அவ்வளவுதான். கைக்குழந்தையோடு அந்த அம்மா தெருக்குழாயில் நின்றபோது வரிசை கலைந்து போய்விடும் என்று பிறகு கேள்விப்பட்டேன். கேள்விதான். நான் பார்க்கவில்லை. என் வீடு அடுத்த தெரு.

டீ குடித்துவிட்டு அவள் வழிகாட்டிப் பேராசிரியரைப் பார்க்கப் போனாள். நான் கூடத்துக்குத் திரும்பினேன். அதே நாற்காலி. அதே பக்கம் திறந்திருக்கிறது. ஆறு இடத்தில் 'தெளிவில்லை'.

நான் பிழை பார்க்கிறவன். இருபத்தாறு வருடம் அந்த வேலை. வெற்றிடத்தைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது. அது பழக்கம். வேறு ஒன்றும் இல்லை. முதல் இடத்தில் நிரப்பினேன். இன்னாசிமுத்து. பிறகு இரண்டாவது. ஆறு இடத்திலும் போட்டேன். முதலிலிருந்து ஒருமுறை படித்துப் பார்த்தேன், ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று. இல்லை. சுத்தமாக இருந்தது. 'அனுப்பு' என்று பச்சையாக ஒன்று இருக்கிறதே, அதை அழுத்தினேன். 'நன்றி, உங்கள் திருத்தம் பரிசீலனையில் உள்ளது' என்று வந்தது.

அப்போதுதான் உறைத்தது.

விரலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் வாரத்துக்கு ஒருமுறை தட்டுகிற பெயர். இனிமேல் தட்டினால் வரும். ஆறு முறை வரும். அவள் அப்பா பெயர் கிடைக்கிற ஒரே தாள் அதுவாக இருக்கும். அம்மா ஏன் வாயை மூடிக்கொள்கிறாள் என்று தெரியும். 'மனைவியோடு பேசாதே' என்று இருக்கிறதே, அந்த மனைவி அவள் அம்மா. அந்தக் குரலை வைத்துப் படிக்கச் சொன்னாலும் சொல்வாள்.

என் பெயர் அதில் இல்லை. போராட்டக் குழு. ஆனால் தாளைக் கொடுத்தவர் மாடக்கண்ணு. திருத்தியவர் மாடக்கண்ணு. யாருக்கும் தெரியாத பெயரைத் தெரிந்து நிரப்பியவர் மாடக்கண்ணு. அவள் வரலாறு படிக்கிறவள் தம்பி, கணக்குப் போடத் தெரியாதா?

நான் யாருக்கும் பயந்தவன் இல்லை. லாக்கப்பில் கால் நகம் போயிருக்கிறது, பாருங்கள், இன்னும் வளரவில்லை. அப்போது அடித்த போலீஸ் ஏட்டைக் கூட நான் நேருக்கு நேர் பார்த்தேன். இந்தப் பெண் காலையில் வந்து "சாப்பிட்டீங்களாய்யா" என்று கேட்டபோது நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவளுக்கு மட்டும் தெரியக் கூடாது. அதற்கு ஒரு வழி சொல்லுங்கள். பரிசீலனை செய்கிறவர்கள் உங்கள் சென்னை அலுவலகத்தில்தானே இருக்கிறார்கள்? ஒரு வார்த்தை போன் போட்டு, கிழவன் தெரியாமல் அழுத்திவிட்டான் என்று...

என்ன சொல்கிறீர்கள்? இங்கேயா? இந்தத் துறை ஆய்வாளர்களே சரிபார்க்கிறார்களா?

யார் யார்?

சரிபார்ப்பதற்கு முன்னால் என்றால் நானே திரும்ப எடுத்துவிடலாமா? எங்கே? இந்த மூன்று புள்ளியா? இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா தம்பி, இவ்வளவு நேரம் என்னைப் பேசவிட்டு... இந்தாருங்கள், நீங்களே எடுங்கள். அந்தப் பக்கம்தான். ஆமாம், அதுதான். எடுங்கள்.

ஏன் நிறுத்திவிட்டீர்கள்?

பச்சையாக ஏதோ வந்திருக்கிறது. என் கண்ணுக்குத் தெரியவில்லை, படியுங்கள். வேண்டாம், அந்தக் குரலில் வேண்டாம், நீங்களே படியுங்கள்.

'உங்கள் திருத்தம் ஏற்கப்பட்டது.' சரி. எப்போது? இன்று காலை ஒன்பது பத்துக்கா? ஒன்பதரைக்குத்தானே அவள் என்னிடம் வந்து சாப்பிட்டீர்களா என்று கேட்டாள்.

'சரிபார்த்தவர், இ. ஜெனிட்டா.'

கீழே இன்னும் இருக்கிறதா? குறிப்பா? மெதுவாகப் படியுங்கள்.

'பெயர் சரி. எழுதியவர் என்ற கட்டம் காலியாக உள்ளது. தெரிந்தால் நிரப்பவும்.'

இன்னொரு தடவை படியுங்கள்.

'தெரிந்தால்' என்றா போட்டிருக்கிறாள்?

போராட்டக் குழு என்று போட்டுவிடலாம், இல்லையா? அதுதான் வழக்கம். அதில் பொய் ஒன்றும் இல்லை. சொல்லுங்கள் தம்பி. அப்படிப் போட்டால் உங்கள் செயலி ஏற்றுக்கொள்ளுமா? செயலி ஏற்றுக்கொள்ளும் என்கிறீர்கள். செயலியைச் சொல்லவில்லை நான்.

கதவைத் திறந்துவிட்டார்கள். உங்களைத்தான் கூப்பிடுகிறார்கள். அதோ நிற்கிறாள் பாருங்கள், அந்த மஞ்சள் துப்பட்டா. என்னைக் கூப்பிடவில்லை. கையில் போன் வைத்திருக்கிறாள். நான் உள்ளே வருகிறேனா, படியிறங்கிப் போகிறேனா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

நீங்கள் எழுந்து நடங்கள் தம்பி, ஆனால் வேகமாகப் போக வேண்டாம். நான் உங்களுக்குப் பின்னால் வருகிறேன். என் போனை இப்படிக் கொடுங்கள். எழுதியவர் கட்டத்தை மூடிவிடாமல், திறந்தபடியே கொடுங்கள்.